வைட்டமின் “ஈ”யும் நமது கடற்கரை ஆகாரமும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரக் கிராமங்களுக்கு மிளகாய்ச் சாகுபடியைப் பற்றியோ தென்னைக்கு உரமிடுதலைப் பற்றியோ பேசச் செல்லும்போது, வேளாண்மைக்குச் சற்று அப்பாற்பட்ட ஒரு கேள்வி சில காலமாகத் தவறாமல் எழுகின்றது. மருந்துக் கடைகளில் பச்சை நிறத்தில் சிறு உருண்டைகளாக விற்கப்படும் வைட்டமின் “ஈ” மாத்திரையைத் தினமும் உட்கொண்டால் தேகத்துக்கு நன்மை உண்டா என்பதே அக்கேள்வி. தலைமயிர் வளர்வதற்கென்று சிலரும், முகத்தின் களைக்கென்று சிலரும், பிள்ளைப்பேற்றை நாடிச் சிலரும் இதனை வாங்கி வருகின்றனர். அவ்வாறு வாங்குவோர் வீட்டிலேயே நிலக்கடலை மூட்டையும் மிளகாய்ச் சாக்கும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்தச் சத்து யாது, அது தேகத்தில் என்ன வேலை செய்கிறது, நமது நிலத்திலும் கடலிலும் கிடைக்கும் பொருள்களில் எவற்றில் அது அடங்கியுள்ளது என்பவற்றைச் சற்று விரிவாகக் கூறுதல் பயன்படும்.

இதன் வரலாறு 1922-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்கிலி நகரில் ஹெர்பர்ட் எவன்ஸ் என்பவரும் காதரின் பிஷப் என்னும் அம்மையாரும் வெள்ளெலிகளுக்குச் சுத்திகரிக்கப்பட்ட ஆகாரத்தைக் கொடுத்துப் பரீட்சை செய்து வந்தனர். அதுவரை அறியப்பட்ட சத்துக்கள் யாவும் அவ்வாகாரத்தில் இருந்தன. எலிகள் நன்றாக வளர்ந்தன, சினையும் கொண்டன. ஆனால் சினைக்குட்டிகள் வயிற்றிலேயே மாண்டு கரைந்து போயின. ஆகாரத்துடன் பச்சைக் கீரையைச் சேர்த்தபோதும், பின்னர் கோதுமை முளைக்கருவைச் சேர்த்தபோதும் குட்டிகள் உயிருடன் பிறந்தன. பச்சிலையிலும் தானியத்தின் முளைக்கருவிலும் உள்ள ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று அவர்கள் துணிந்தனர். ஏ, பி, சி, டி என்ற பெயர்கள் முன்னரே வழங்கிவிட்டபடியால் இதற்கு “ஈ” என்னும் எழுத்து வாய்த்தது. 1936-இல் எவன்ஸும் அவருடைய துணைவர்களும் கோதுமை முளைக்கரு எண்ணெயினின்று இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். பிள்ளைப்பேற்றைத் தருவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்கு டோகோபெரால் என்று பெயரிட்டனர். 1938-இல் பால் காரர் என்னும் ஸ்விட்சர்லாந்து ரசாயன சாஸ்திரி இதனைச் செயற்கையாகவும் செய்து காட்டினார்.

இப்பெயரே பின்னாளில் பெரிய மயக்கத்துக்கு இடமாயிற்று. எலிகளின் விஷயத்தில் கண்டதை மனிதர்களுக்கும் அப்படியே பொருத்தி, மலடு நீக்கும் மருந்து இதுவே என்று விற்பனையாளர்கள் பறைசாற்றலாயினர். புத்திரப்பேறு வேண்டி இராமேஸ்வரத்துக்கும் சேதுக்கரைக்கும் வருவோர் இன்றும் ஏராளம். அவர்களுடைய பிரார்த்தனையைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் வழக்கமான ஆகாரத்தை உண்ணும் ஸ்திரீ புருஷர்களுக்கு வைட்டமின் “ஈ” மாத்திரையினால் மலட்டுத்தன்மை நீங்கும் என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி அன்று. அத்தகையோர் மாத்திரைக்குச் செலவிடும் பணத்தையும் காலத்தையும் நேரே சர்க்கார் ஆஸ்பத்திரியில் தக்க வைத்தியரைக் கண்டு இருவரும் பரிசோதனை செய்துகொள்வதில் செலவிடுதல் நலம்.

இனி இச்சத்தின் உண்மையான வேலையைக் கூறுவோம். இதனை விளங்கிக்கொள்வதற்குக் கடற்கரைவாசிகளுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. கருவாடு காயும் மணல்மேடே போதும். மண்டபத்திலும் பாம்பனிலும் சாளை, சூடை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களை வெயிலில் உலர்த்தினால் சில நாட்களில் அவற்றின் வயிற்றுப்பகுதி மஞ்சளித்துப் பழுப்பேறி, சிக்கு வாடை வீசுகிறது; தின்றால் தொண்டையில் காறுகிறது. (காரல் மீன் வேறு, இந்தக் காறல் வேறு. காரல் கொழுப்புக் குறைந்த மீனாதலால் இவ்வளவு விரைவில் கெடுவதில்லை.) இவ்விதம் கெடுவது கிருமிகளாலன்று. காற்றிலுள்ள பிராணவாயு மீனெண்ணெயுடன் கலந்து அதனைச் சிதைப்பதே காரணம். வெயிலின் ஒளியும், சூடும், உப்பிலும் பாத்திரத்திலும் உள்ள இரும்பு, செம்பு முதலிய உலோகங்களின் சிறு துகள்களும் அச்சிதைவை வேகப்படுத்துகின்றன.

இச்சிதைவு தீப்போல் பரவும் இயல்புடையது. ஒரு கொழுப்பணு சிதைந்தால் அது பக்கத்து அணுவைத் தாக்குகிறது. அது மற்றொன்றைத் தாக்குகிறது. நெருங்கிக் கட்டிய ஓலைக் குடிசைகளில் ஒன்று தீப்பற்றினால் வரிசை முழுவதும் எரிவதை ஒக்கும் இது. நமது தேகத்திலுள்ள ஒவ்வோர் உயிரணுவுக்கும் மெல்லிய கொழுப்புத் தோல் ஒன்று உண்டு. நாம் சுவாசிக்கும் பிராணவாயு எப்போதும் அதனருகே உலாவுகின்றபடியால் கருவாட்டுக்கு நேரும் கேடு அதற்கும் நேரக்கூடும். அங்கே காவல் நிற்பது வைட்டமின் “ஈ”. எரியும் அணுவுக்குத் தன்னிடமுள்ள ஜலவாயு அணு ஒன்றைக் கொடுத்து அதனை அணைத்துவிட்டுத் தான் செலவாகிப் போகிறது. செலவான அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் நெல்லிக்கனி, கொய்யா முதலியவற்றிலுள்ள வைட்டமின் “ஸி” உதவுகிறது. உயிரணுவின் தோலில் ஆயிரக்கணக்கான கொழுப்பணுக்களுக்கிடையே ஒன்று என்ற விகிதத்திலேயே இச்சத்து இருந்தபோதிலும் அதுவே பெரும்பாலும் போதுமானதாகின்றது.

இக்காவல் குன்றினால் முதலில் கேடடைவன இரத்தத்திலுள்ள செவ்வணுக்களும், நீண்ட நரம்புகளும், தசையுமாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் செவ்வணுக்கள் எளிதில் உடைந்து சோகை உண்டாவதற்கு இச்சத்தின் குறைவு ஒரு காரணம். பித்தநீர் சரியாகச் சுரவாமையாலோ குடல் நோயாலோ கொழுப்புச் சீரணமாகாதவர்களுக்குப் பல ஆண்டுகளில் கால் தடுமாற்றமும், கைகால்களில் உணர்ச்சிக் குறைவும், பார்வைக் கோளாறும் தோன்றுவதுண்டு. பரம்பரையாக இச்சத்தைத் தேகத்தில் நிறுத்திக்கொள்ள இயலாத அபூர்வமான ஒரு நோயும் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் வைத்தியர் இதனை மருந்தாகவே கொடுக்கின்றனர். ஆனால் மற்றபடி நல்ல சீரணசக்தியுள்ள மனிதர்களுக்கு, ஆகாரக் குறைவினால் மட்டும் வெளிப்படையான வைட்டமின் “ஈ” நோய் உண்டாவது மிகவும் அரிது. இதனை முதலிலேயே கூறிவிடுதல் நேர்மை. நமது ஜில்லாவில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வாட்டும் இரத்தச்சோகைக்கு முக்கிய காரணம் இரும்புச்சத்துக் குறைவேயன்றி வைட்டமின் “ஈ”க் குறைவன்று. சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை மூலையில் போட்டுவிட்டு, விலைகொடுத்துப் பச்சை மாத்திரை வாங்குவதைப் போன்ற பேதைமை வேறில்லை.

எவ்வளவு தேவை என்றால், உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி வயது வந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், பெண்களுக்கு 7.5 மில்லிகிராம். அமெரிக்க நிபுணர்கள் 15 மில்லிகிராம் என்கின்றனர். மாத்திரைகளிலோ 200, 400 மில்லிகிராம் என்ற அளவில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதிகம் தின்றால் அதிக நன்மை என்ற எண்ணத்தைப் பெரிய பரீட்சைகள் பொய்ப்பித்துவிட்டன. பின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994-இல் முடிவு வெளியிட்ட பரீட்சையில், இச்சத்தை மாத்திரையாக உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மூளையில் இரத்தம் கசிந்து இறந்தவர்கள் சற்று அதிகமாகவே காணப்பட்டனர். அமெரிக்காவில் சுமார் 35,000 ஆண்களிடம் நடத்திய மற்றொரு பரீட்சையின் 2011-ஆம் ஆண்டு அறிக்கையில், மாத்திரை தின்றவர்களுக்கு விந்துச்சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக உண்டானது தெரியவந்தது. இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடவே கூடாது. உணவுப் பொருள்களிலிருந்து கிடைக்கும் வைட்டமின் “ஈ”யினால் இவ்விதக் கெடுதி எதுவும் கண்டதில்லை.

ஆகவே உணவுப் பொருள்களைப் பார்ப்போம். எண்ணெய் வித்துக்களே இதற்குத் தலையாய இருப்பிடம். ஏனெனில் வித்து தன் எண்ணெய் சிக்கு ஏறாமல் முளைக்கும் காலம்வரை காப்பாற்றிக்கொள்வதற்காகவே இச்சத்தைச் சேமித்து வைக்கிறது. 100 கிராம் சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 41 மில்லிகிராமும், தவிட்டெண்ணெயில் 32 மில்லிகிராமும், கடலெண்ணெய் என்று நம்மவர் கூறும் நிலக்கடலை எண்ணெயில் 16 மில்லிகிராமும் உண்டு. நியாய விலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலைச் சத்தற்றது என்று பலர் இகழ்கின்றனர். இந்த ஒரு விஷயத்தில் அது கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய சமமானது. தேங்காயெண்ணெயில் இச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டாம். தேங்காயெண்ணெயின் கொழுப்பு எளிதில் சிதையாத வகையைச் சேர்ந்ததாகையால் அதற்குக் காவலும் அவ்வளவாக வேண்டியதில்லை. ஆனால் சமையல் முழுவதையும் அதிலேயே செய்யும் வீட்டார் வைட்டமின் “ஈ”க்கு வேறு பொருளை நாட வேண்டும்.

நல்லெண்ணெயைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. டோகோபெராலில் ஆல்பா, காமா முதலிய பல வகைகள் உண்டு. தேகம் தன்னிடம் நிறுத்திவைத்துக் கொள்வது பெரும்பாலும் ஆல்பா வகையையே. நல்லெண்ணெயில் அது மிகச் சொற்பம். காமா வகையே மிகுதி. எனவே அட்டவணையைப் பார்ப்பவர் நல்லெண்ணெயைக் கடைசியில் வைத்துவிடுவர். ஆயினும் எள்ளில் உள்ள சில பொருள்கள், தேகம் டோகோபெராலை வெளியே தள்ளிவிடாமல் தடுக்கின்றன என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கின்றனர். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நெடுநாள் சிக்கு ஏறாமல் இருப்பதற்கும் அவ்வெள்ளின் பொருள்களே காரணம். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயையே நம் பாட்டிமார் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது.

நிலக்கடலைப் பருப்பு 100 கிராமில் சுமார் 8 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், தின்றால் இரண்டரை மில்லிகிராம் கிடைக்கும். வறுப்பதைவிட அவித்துத் தின்பது மேல். வெளிநாட்டு வாதுமைப் பருப்பில் இதைப்போல் மும்மடங்கு உண்டு. விலையோ மும்மடங்கோடு நிற்பதில்லை. கடலையில் ஒரே ஓர் எச்சரிக்கை. பூசணம் பிடித்த, சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். அதில் அப்ளடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஆலையில் சுத்திகரித்த எண்ணெயில் அந்நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் நீங்காது. சுத்திகரிப்பில் வைட்டமின் “ஈ”யும் ஒரு பங்கு போய்விடுவதால் செக்கெண்ணெய் உயர்ந்ததுதான். நல்ல பருப்பைக் கொண்டு ஆட்டியதாயின் மட்டுமே உயர்ந்தது.

இனி நமது ஜில்லாவின் பெருமையான மிளகாய்க்கு வருவோம். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, பரமக்குடிப் பகுதிகளின் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காரத்துக்கும் நிறத்துக்கும் அதனைக் கொண்டாடுகிறோமே தவிர, அது ஒரு வைட்டமின் களஞ்சியம் என்பதைப் பலர் அறியார். உணவு அட்டவணைகளில் காய்ந்த சிவப்பு மிளகாய்ப் பொடிக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் வைட்டமின் “ஈ” காட்டப்பட்டிருக்கிறது. யாரும் 100 கிராம் மிளகாயைத் தின்னப் போவதில்லை, தின்னவும் கூடாது. ஆனால் குழம்பிலும் துவையலிலுமாக நாளொன்றுக்கு 5 கிராம் செல்லுமானால் ஒன்றரை மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது. எண்ணெயுடன் சேர்ந்து செல்வதால் நன்கு சீரணமும் ஆகிறது. சிவப்பு நிறம் வெளுத்த மிளகாயில் இச்சத்தும் வெளுத்துவிட்டது என்று கொள்ளலாம். ஒளியும் காற்றும் இரண்டையும் ஒருங்கே அழிப்பவை. களத்திலும் சாலையோரத்திலும் வெறும் மண்ணில் பழத்தைப் பரப்பாமல், தார்ப்பாயின்மேல் மெல்லியதாகப் பரப்பி, இரவில் மூடிவைத்து, பனியில் நனையவிடாமல் காயவைப்பதால் நிறமும் நிற்கும், பூசணமும் வராது, மண்டியில் விலையும் கூடும். வீட்டுக்கு வேண்டிய தூளை ஆண்டு முழுவதுக்கும் ஒரே தடவையாக அரைத்துவிடாமல் இரண்டு மாதத்துக்கொருமுறை அரைத்தல் உத்தமம்.

கடலிலிருந்து கிடைப்பவற்றில் மீன் சினைக்கு முதலிடம். 100 கிராமில் சுமார் 7 மில்லிகிராம் அதில் இருக்கிறது. மீன் தசையிலும் இறாலிலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இல்லை. கொழுப்பு மீனைப் பச்சையாகச் சமைத்துண்பது எவ்வகையிலும் சிறந்தது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் நாட்களில் கருவாட்டின்மேல் பாரம் விழுகிறது. சிக்கேறிய கருவாட்டில் தன் வைட்டமின் “ஈ” தீர்ந்துபோயிருப்பதோடு, அதிலுள்ள சிதைந்த கொழுப்பு நம் தேகத்திலுள்ள சேமிப்பையும் குறைக்கும். கருவாட்டை மணலிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப்பந்தலில் உலர்த்தி, நன்கு காய்ந்தபின் காற்றுப் புகாத பையில் கட்டி நிழலில் வைத்தால் இக்கேடு பெரிதும் குறையும். தடைக்காலத்துக்கென்று சேமிப்பதற்குக் கொழுப்புக் குறைந்த மீன்களையே தேர்வது புத்தி.

கரும்பச்சை நிறக் கீரைகளில் 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்வரை உண்டு. எண்ணெய் சிறிதுமின்றி அவித்த கீரையிலிருந்து இச்சத்து தேகத்தில் சேர்வது குறைவு. ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தலே போதும். தீட்டிய வெள்ளை அரிசியில் இது அநேகமாக இல்லை. தவிட்டோடும் முளைக்கருவோடும் அது போய்விட்டது. பனைவெல்லத்திலும் பதநீரிலும் வேறு நன்மைகள் உண்டு. கொழுப்பில்லாத பொருள்களாதலால் இதனை அவற்றில் தேடுவது வீண்.

கணக்கிட்டுப் பார்த்தால், கடலெண்ணெய் 20 கிராம், நிலக்கடலை ஒரு கைப்பிடி, மிளகாய் 5 கிராம், தாளித்த கீரை ஒரு கிண்ணம், பச்சை மீன் இரண்டு துண்டு ஆகியவை கொண்ட ஆகாரத்தில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் வந்துவிடுகிறது. இவற்றில் எதுவும் மருந்துக் கடைச் சரக்கன்று.

எண்ணெயில் இருப்பதைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெயில் படும் மாடத்தில் வைத்தல், ஈயம் பூசாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் வைத்தல், அடியில் தங்கிய பழைய எண்ணெயோடு புதியதைக் கலத்தல் ஆகிய மூன்றும் தவறு. பலகாரம் சுட்ட எண்ணெயை மறுநாளும் அதன் மறுநாளும் காய்ச்சுவதோ எல்லாவற்றிலும் கேடானது. யாத்திரிகர் கூடும் இடங்களிலுள்ள சில பலகாரக் கடைகளில் கறுத்து நுரைத்த எண்ணெயைக் காண்கிறோம். அதில் வைட்டமின் இருக்காது என்பது மட்டுமன்று; நஞ்சாகும் சிதைபொருள்கள் சேர்ந்திருக்கும். அத்தகைய பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் இந்தியா முழுவதும் அமலில் இருக்கிறது.

கால்நடைகளைப் பற்றிக் கூறாமல் இதனை முடிக்க இயலாது; ஏனெனில் மனிதர்களுக்கு அரிதான இக்குறைவு ஆடு கோழிகளுக்கு அரிதன்று. தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், கோழி வளர்த்து வந்த ஓர் அம்மாளின் குஞ்சுகள் மூன்று வாரப் பருவத்தில் தலையைப் பின்னுக்கு மடித்து, கால்களை நீட்டிப் புரண்டு விழுந்து இறந்தன. வெள்ளைக் கழிச்சலிலும் கழுத்துத் திருகுவதுண்டாகையால் எல்லாரும் அதனையே ஐயுற்றனர். “கழிச்சலுக்கு ஊசி போட்டாச்சே ஐயா, பிறகு எப்படி வரும்?” என்று அவ்வம்மாள் கேட்டார். அவர் கேட்டது சரியே. கால்நடை வைத்தியர் வந்து பார்த்து, மூன்று மாதமாகச் சாக்கில் கிடந்த சிக்கேறிய சாளைக் கருவாட்டுத் தூளே காரணம் என்றார். கெட்ட கொழுப்பு குஞ்சின் வைட்டமின் “ஈ”யைத் தீர்த்துவிட, சிறுமூளை மென்மையாகிச் சிதைந்துவிடுகிறது. இந்நோயைக் குஞ்சுகளில் 1931-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் விவரித்திருக்கின்றனர். அத்தூளை நிறுத்தியபின் புதிதாக எந்தக் குஞ்சும் விழவில்லை.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பசும்புல்லே இச்சத்தைக் கொடுப்பது. வைக்கோலும் நெடுநாள் வெயிலில் காய்ந்த புல்லும் இதில் மிக வறியவை. ஆகையால் கோடையின் முடிவில் பச்சையே காணாத தாய் ஈனும் குட்டிகள் சில சமயம் பின்னங்கால் விறைத்து எழ மாட்டாமல் கிடக்கும், தசை வெளுத்திருக்கும். செலினியம் என்னும் தாதுவின் குறைவும் இதில் கூடியிருக்கலாம். அத்தாது சிறிது மிஞ்சினாலும் நஞ்சாகையால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். சினையாடுகளுக்குக் கடைசி இரண்டு மாதம் அகத்தி, வேலிமசால், கிளுவை போன்ற ஏதேனும் ஒரு பச்சைத் தழை தினமும் ஒரு கட்டாவது கொடுத்து வருதல் அவசியம். கிணற்றடியில் நாலு வரிசை அகத்தி இருந்தால் இதற்குப் போதும்.

கோழித் தீவனத்தில் மீன்தூள் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்கட்டும். காரல் போன்ற கொழுப்புக் குறைந்த மீனின் புதிய தூளாகப் பார்த்து வாங்கி, கையில் கசக்கி முகர்ந்து, சிக்கு வாடை இருந்தால் தென்னைக்கு உரமாகப் போட்டுவிட வேண்டும். கூண்டில் தினமும் ஒரு கொத்துக் கீரையைத் தொங்கவிடுக. தீவனத்தைப் பதினைந்து நாளுக்குள் தீரும் அளவே கலந்து வைக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் அதிலும் பாதி.